மழைப் பொண்ணோட அண்ணி

மருந்துக் கடையில் தலைவலி மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் புள்ளியக்கா அந்த வாக்கியத்தைக் கேட்டார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள துணியைக் காயப்போட்டு எடுத்துடுங்க. அதுக்கப்புறம் வர்ற மேகம் உங்களைக் கேட்டுக்கிட்டு வராது." கடை மூலையில் இருந்த தொலைக்காட்சியில் சிரித்தபடி அதைச் சொன்னவள் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அதே வாக்கியத்தை, ஒரு வார்த்தை மாறாமல், தொலைபேசியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் புள்ளியக்கா.

கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். எவ்வளவு அழகாகப் புரியவைக்கிறது இந்தப் பெண் என்று வியந்தார். பிறகு திரும்பி, "நீங்க மழைப் பொண்ணோட அண்ணிதானே? குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். புள்ளியக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு அட்டைக்கு இரண்டு அட்டையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. நாட்டின் பேரிடர் கண்காணிப்பு அறையில் பத்தொன்பது வருட வேலை. கணிதம் படித்துவிட்டு, ஊர் ஊராக வரும் மழை அளவுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தவர், படிப்படியாக, எச்சரிக்கைகளை எழுதும் முதல் மேசைக்கு வந்திருந்தார். அரசுக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறை. நாடு முழுவதற்குமான புயல், வெள்ளம், காட்டுத்தீ அத்தனையையும் பார்க்கிற அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளியே தூறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் வாசல் காவலாளியின் தோள் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் மேகம், ஒன்றில் ஆறுகளின் மட்டம், ஒன்றில் மலைச்சாலைக் கேமராக்கள், ஒன்றில் தீயணைப்பு வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றன என்ற கணக்கு. வலது ஓரத்தில், சத்தம் அடைக்கப்பட்டு, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொலைக்காட்சி.

புள்ளியக்கா என்பது அறையில் வைத்த பெயர். செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் சூடான இடங்களெல்லாம் சிவப்புப் புள்ளிகளாக விழும். கோடை நாளில் ஐந்நூறு புள்ளிகூட விழும். அதில் பாதிக்கு மேல் தீயே அல்ல. செங்கல் சூளையாக இருக்கும், வெயிலில் மின்னும் தகரக் கூரையாக இருக்கும், குப்பைமேடாக இருக்கும். எது தீ, எது கூரை என்று பிரித்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு முறை, ஒரு மலைக்காட்டில் தீப் பிடித்ததை அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கே இவர்தான் தொலைபேசியில் சொன்னார். அவர்கள் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்கள். நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. "கண்காணிப்பு அறைக்கு" என்று முகவரி போட்டிருந்தது. அறைத் தலைவர் அதைச் சட்டம் போட்டுத் தன் மேசைக்குப் பின்னால் மாட்டினார்.

நாத்தனார் முன்பு விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். சோப்பு, சுவர் வண்ணம், கொசு மருந்து. அவளை விட எட்டு வயது பெரியவர் புள்ளியக்கா. கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கணக்கு ஏறவில்லை. ஆனால் வாய் இருந்தது. ஒரு தொலைக்காட்சியில் வானிலை சொல்ல ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டாள். முதல் வாரமே அண்ணியை அழைத்து, காற்றழுத்தத் தாழ்வு என்றால் என்ன என்று கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புள்ளியக்கா, "சட்டித் தண்ணியைக் கையால சுத்திவிட்டா நடுவுல ஒரு பள்ளம் விழுது இல்ல, அந்தப் பள்ளம்தான்" என்றார். அடுத்த நாள் நாத்தனார் கேமரா முன்னால் ஒரு கண்ணாடிச் சட்டியில் தண்ணீரைச் சுற்றிக் காட்டினாள். நாடே அந்தக் காட்சியைக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பியது. மழைப் பொண்ணு என்ற பெயர் அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு தினமும் மாலை நான்கு மணிக்கு அழைப்பு வரும். புள்ளியக்கா அன்றைய அறிக்கையைப் பிரித்துச் சொல்வார். அவர் சொல்வதில் எது மக்கள் மனதில் ஒட்டும் என்று நாத்தனாருக்குத் தெரியும். அதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வாள். இதில் களவு எதுவும் இல்லை. கேட்டாள், கொடுத்தார். முதல் வருடம் அதில் சந்தோஷம்கூட இருந்தது. பிறகு எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நாளில் அது புளித்துப்போனது.

தானே திரையில் போய்ப் பேசியிருக்கலாமே என்றால், பேச வரவில்லை. நாத்தனார் சேர்வதற்கு முன்பே ஒரு தொலைக்காட்சியிலிருந்து அறைக்கு வந்து புள்ளியக்காவை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பதினோரு விநாடி பேசினார். பிறகு தொண்டை அடைத்து, "வெப்பநிலை, வெப்பநிலை" என்று இரண்டு முறை சொல்லி நின்றுவிட்டார். ஒளிபரப்பியபோது அதையும் வெட்டிவிட்டு அவர் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை மட்டும் காட்டினார்கள். இது அவருக்கு மறக்கவே இல்லை. அதனால் நாத்தனார் திரையில் கைகளை வீசிப் பேசும்போதெல்லாம் உள்ளே எரியும். அவள் புடவை நன்றாக இருந்தால் எரியும். அவள் வார்த்தை தடுமாறினால் ஒரு குளிர்ச்சி. இப்படி ஒரு குளிர்ச்சி தனக்குள் வருகிறதே என்று வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அவள் மேலேயே கோபம் வரும்.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. மாமியார் ஏழு மணிச் செய்தி வந்தால் கூடத்தில் யாரையும் பேச விடமாட்டார். கணவர் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவர். யார் பக்கமும் சாயாமல் எல்லாரையும் நேரத்துக்கு அனுப்பிவைப்பதுதான் அவர் குணமும். பன்னிரண்டு வயது மகள் கண்ணாடி முன்னால் நின்று கையை விரித்து, "மேகம் உங்களைக் கேட்டுக்கிட்டு வராது" என்று அத்தையைப்போலச் சொல்லிப் பார்ப்பாள்.

அந்த மகள்தான் கடைசியில் குத்தினாள், தெரியாமல். பள்ளியில், குடும்பத்தில் ஒருவருடைய வேலையைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்றார்கள். முடிந்தால் அந்த ஆளையே கூட்டிவரலாம். மகள் அத்தையைக் கூட்டிப்போனாள். அம்மாவைக் கேட்கவே இல்லை. அம்மா வேலையில் காட்ட என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். புள்ளியக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். நாத்தனார் பேசினாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆசிரியைகள் சுற்றிக்கொண்டார்கள். படம் எடுக்க வேண்டும் என்று எல்லாரும் நெருக்கி நின்றபோது, ஒரு ஆசிரியை தன் கைப்பேசியைப் புள்ளியக்காவிடம் நீட்டி, "கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?" என்றார். எடுத்துக் கொடுத்தார். யாருடைய தலையும் வெட்டுப்படாமல், மகள் நடுவில் வர, நன்றாகவே எடுத்தார்.

மறுநாள் நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

அடுத்த நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வரி அனுப்பினார்: வேலை அதிகம், எல்லாருக்கும் போகிற அறிக்கைதான் உனக்கும் வருகிறது, அதைப் பார்த்துக்கொள். இப்படி இரண்டு மாதம். நாத்தனாரின் பேச்சு விறைத்துப்போனது. "ஓரிரு இடங்களில் மிதமான மழைக்கு வாய்ப்பு" என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். அந்தப் பழைய ருசி எங்கே போனது என்று பார்க்கிறவர்கள் கேட்டு எழுதினார்கள். புள்ளியக்கா ஒவ்வொன்றையும் தேடிப் படித்தார். சில கருத்துகளை இரண்டு முறை படித்தார். ஒரு நாள் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "தங்கச்சி கேட்டா. உனக்கு உடம்பு சரியில்லையான்னு" என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார் புள்ளியக்கா. அதுவும் பொய்யில்லை. அந்த இரண்டு மாதமும் அவருக்குத் தலைவலி வரவில்லை.

தீ வந்தது அந்தக் கோடையின் கடைசியில்.

ஒரு நீண்ட மலைமேடு. அதன் கிழக்குச் சரிவில் காடு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. மேற்குச் சரிவில் ஒரு சிற்றூர். மர அறுவை ஆலை ஒன்றை நம்பி வளர்ந்த ஊர், இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். காற்று மேற்கிலிருந்து வீசியதால் தீ ஊருக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மாடியில் நின்று மேட்டுக்கு அப்பால் எழும் புகையைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தெற்குக் கடலில் ஒரு புயல் வேறு. அறையில் பாதிப் பேர் படகுகளைக் கரைக்குத் திருப்பும் வேலையில் இருந்தார்கள். தீயைப் பார்க்கப் புள்ளியக்கா மட்டும்தான்.

மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் மேகப் படத்தில் அதைக் கண்டார். மேட்டுக்கு வடகிழக்கே எண்பது கிலோமீட்டரில் இடிமேகங்கள் எழுந்திருந்தன. மழை தரையைத் தொடும் முன்பே காய்ந்துபோகிற வகை. அப்படிப்பட்ட மேகம் உடைந்தால் மழைக்குப் பதில் காற்றுதான் தரையோடு தரையாகப் பாய்ந்து வரும். அது வந்தால் தீ திரும்பி மேட்டைத் தாண்டி மேற்கே இறங்கும். அவர் எழுதினார்: மாலை நான்கு மணிக்குள் காற்று திசை மாறும், தீ மேற்குச் சரிவில் இறங்கும், ஆலை ஊரை உடனே காலி செய்ய வேண்டும்.

அறைத் தலைவருக்கு "கூடும் சார்" என்று ஒரு பெயர் உண்டு. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. நடக்காத ஒன்றை நடக்கும் என்று சொல்லி மாட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை. "மாறும்" என்பதை "மாறக்கூடும்" ஆக்கினார். "இறங்கும்" என்பதைப் "பரவ வாய்ப்புள்ளது" ஆக்கினார். ஊரைக் காலி செய்யச் சொல்வது மாவட்ட நிர்வாகத்தின் வேலை என்று அந்த வரியை எடுத்துவிட்டு, பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று போட்டார். புள்ளியக்கா ஒரு முறை மறுத்துப் பார்த்தார். அவர் அசையவில்லை. இரண்டே காலுக்கு அறிக்கை எல்லா இடத்துக்கும் போனது.

இரண்டு இருபத்திரண்டுக்கு மேசை மேலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. நாத்தனார்.

நான்கு மணி அழைப்பு அல்ல இது என்று அவருக்குத் தெரியும். அறிக்கை கையில் கிடைத்து, புரியாமல், கேட்க அழைக்கிறாள். புள்ளியக்கா பெயரைப் பார்த்தபடி இருந்தார். உனக்கே எல்லாம் தெரியுமே, படி என்று மனதுக்குள் சொன்னது ஞாபகம் இருக்கிறது என்று பின்னால் அவரே சொன்னார். அதிர்வு நின்றது. இரண்டு முப்பத்தொன்றுக்கு மறுபடி அதிர்ந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

இரண்டே முக்காலுக்கு ஓரத்துத் தொலைக்காட்சியில் சிறப்புச் செய்தி வந்தது. சத்தம் இல்லை, ஆனாலும் நாத்தனார் குனிந்து தாளைப் பார்த்துப் படிக்கிறாள் என்பது தெரிந்தது. படித்து முடித்து நிமிர்ந்தவள் ஏதோ கேட்க வந்ததுபோல வாயைத் திறந்து மூடினாள். விளம்பரம் வந்துவிட்டது.

ஆலை ஊரிலிருந்து வெளியேற ஒரே சாலை. அதன் முச்சந்திக் கேமராவில் புள்ளியக்கா கண்ணை வைத்திருந்தார். ஒரு பால் வண்டி போனது. ஒரு மோட்டார் சைக்கிள். பத்து நிமிடத்தில் மொத்தம் ஆறு வண்டி. சாதாரண நாளிலும் அவ்வளவுதான். மாவட்ட அலுவலகத்தை அழைத்தார். ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது, புகை அந்தப் பக்கம்தானே போகிறது என்று ஜனங்கள் சொல்கிறார்கள், யாரும் நகரவில்லை என்றார்கள். மூன்று நான்குக்கு, மேகத்துக்கும் மேட்டுக்கும் நடுவழியில் இருந்த காற்றளவுக் கம்பம் ஒன்றின் முள் திரும்பியது. அவர் கணக்கை விட அரை மணி முன்னால்.

அவர் கைப்பேசியை நிமிர்த்தி அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ஊர் கிளம்பணுமா, வேண்டாமா?"

"கிளம்பணும். இப்பவே. சாமான் எதுவும் எடுக்க வேணாம்."

"மூணு நாளா ஒண்ணும் ஆகலையேன்னு உக்காந்திருக்காங்க. என்ன சொன்னா நம்புவாங்க?"

புள்ளியக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊரின் மாடி ஒன்றில் நின்று பார்த்தார். "புகையைப் பாக்கச் சொல்லு. இப்ப அவங்களை விட்டுத் தள்ளிப் போகுது, அந்த தைரியத்துலதான் இருக்காங்க. கொஞ்ச நேரத்துல அது நேரா மேல எழும்பி நிக்கும். காத்து நின்னுடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் அவங்க பக்கமே திரும்பும். நின்னதைப் பாத்தப்புறம் கிளம்பினா சாலையில மாட்டுவாங்க. நிக்கறதுக்கு முன்னாடி கிளம்பணும்."

நாத்தனார் வேறெதுவும் கேட்கவில்லை. மூன்று பதினொன்றுக்குத் திரையில் இருந்தாள். கையில் தாள் இல்லை. அறையில் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். ஆலை ஊரில் இருப்பவர்கள் இப்போதே வெளியே போய்ப் புகையைப் பாருங்கள் என்றாள். மற்ற ஊர்க்காரர்கள் அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள் என்றாள். அண்ணி சொன்னதையெல்லாம் தன் குரலில், அவசரப்படாமல், இரண்டு முறை சொன்னாள். பிறகு, "இது என் யோசனை இல்ல. அந்த மேகத்தை இந்த நிமிஷம் பாத்துக்கிட்டு இருக்கறது என் அண்ணி. அவங்க வரும்னா வரும். கிளம்புங்க" என்றாள்.

மூன்று இருபதுக்கு முச்சந்தியில் முதல் கார் வந்தது. பின்னால் இரண்டு. அதற்குப் பின்னால் எண்ண முடியவில்லை. புள்ளியக்கா தீயணைப்பு வண்டிகளைச் சாலை ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, பக்கத்து நகரத்தில் ஓடிக்கொண்டிருந்த பேருந்துகளைத் திருப்பக் கணவரின் பணிமனைக்கே அழைத்தார். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் அங்கிருந்த பதினான்கு பேருந்துகளைத் திருப்பிவிட்டார். மூன்று நாற்பதுக்குப் புகை நேராக நின்றது. மூன்று ஐம்பத்தைந்துக்குத் தீ மேட்டைத் தாண்டியது. முதல் வீடு எரிந்தபோது மணி நான்கு இருபது. அறுபத்திரண்டு வீடுகளும் ஆலையும் போயின. ஊரில் ஆள் இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் காயப்பட்டார். ஆலையின் லாரி ஓட்டுநர். இரண்டே முக்கால் செய்தியை ஆலை அலுவலகத்தில் நின்று கேட்டுவிட்டு, சரிவில் இருந்த மரக் கிடங்குக்கு வண்டியை ஏற்றியிருக்கிறார். அங்கே தொலைபேசி எடுக்காது. மூன்று பதினொன்றுக்கு நாத்தனார் பேசியது அவருக்குத் தெரியாது. புகை இறங்கியபோது சுமையேற்றும் ஆட்கள் இருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், கிடங்கு வாசலின் சங்கிலி கொதித்துக்கொண்டிருக்க, அதை வெறுங்கையால் அவிழ்த்தார். மூவரும் பிழைத்தார்கள். அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின.

அடுத்த வாரம் முழுக்க ஊரைக் காப்பாற்றிய மழைப் பொண்ணு என்று பேச்சு. அண்ணி என்று சொன்னாளே, அதையும் எல்லாரும் கேட்டார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, தனக்கு வந்த பேரை உனக்கும் பங்கு குடுத்துட்டா. அவளுக்கு எப்பவும் பெரிய மனசு" என்றார். புள்ளியக்கா தட்டைக் கழுவப் போனார். இரண்டாயிரம் பேர் உயிரோடு இருக்கிறார்கள், கைகள் வெந்து ஒரு மனிதர் படுத்திருக்கிறார். இதற்கு நடுவிலும் அந்த "பெரிய மனசு" நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. தான் இவ்வளவு சின்ன ஆளா என்று அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

பத்து நாள் கழித்து ஆய்வுக் கூட்டம். இரண்டே காலுக்கே எச்சரிக்கை போய்விட்டது, அறை தன் கடமையைச் செய்தது என்று கூடும் சார் வாசித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. புள்ளியக்காவும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் இருவர் மட்டும் இருந்தபோது புள்ளியக்கா சொன்னார். "அன்னைக்கு நீ ரெண்டு தடவை கூப்பிட்டே. நான் வேலையா இல்ல. போனைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். "ரெண்டு மாசமா நீங்க வேணும்னே எடுக்கலன்னு எனக்குத் தெரியும், அண்ணி. ஸ்கூல் போட்டோ அன்னைக்கே உங்க முகத்தைப் பாத்தேன். சரி, கோபம் போகட்டும்னு இருந்தேன். ஆனா அன்னைக்குமா? ஊரு எரியும்போதுமா?"

நாத்தனார் அம்மாவிடம் அவசர வேலை என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

அதற்கடுத்த வாரம் புள்ளியக்கா நான்கு மணி நேரம் பேருந்தில் போய் மருத்துவமனையில் லாரி ஓட்டுநரைப் பார்த்தார். கைகள் இரண்டும் கட்டுப்போட்டுத் தலையணைமேல் கிடந்தன. யார், எதற்கு வந்தோம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஓட்டுநர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். "மாறக்கூடும்னு படிச்சாங்க. கூடும்னா மாறாமலும் போகும்ல. நான் மாறாதுன்னு எடுத்துக்கிட்டேன். ஒரு லோடு பாக்கி இருந்துச்சு." பிறகு, அந்தத் தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

"பொறாமை" என்றார் புள்ளியக்கா. வேறு நல்ல வார்த்தை தேடியும் கிடைக்கவில்லை.

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரமானது. "எனக்கும் எங்க அண்ணன் மேல உண்டு, இருபது வருஷமா. ஆனா அவன் ரொட்டிக் கடை வெச்சிருக்கான். நான் அவன்கிட்ட பேசலைன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது." மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றார். புள்ளியக்கா தம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்தார். அந்தக் கைகள் இனி வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிக்குமா என்று மருத்துவர்களால் அப்போது சொல்ல முடியவில்லை. ஒரு வருடம் கழித்துப் பிடித்தன. இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் அவர் ஆய்வுக் குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டு அழைப்புகளின் நேரம், எடுக்காத காரணம், எழுதிய வாக்கியம், அது மாற்றப்பட்ட வாக்கியம், எல்லாம் அதில் இருந்தன. கூடும் சார் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். சொந்த விஷயத்தை ஏன் அலுவலகத்தில் போடுகிறீர்கள் என்றார். புள்ளியக்கா வாங்கிக்கொள்ளவில்லை. எழுத்து மூலம் கண்டனம் வந்தது. முதல் மேசை மூன்று மாதத்துக்குப் பறிபோனது. ஆனால் அந்த இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு மாற்றங்களும் வந்தன. உயிர் போகிற ஆபத்துக்கான எச்சரிக்கையில் என்ன வரும், எப்போது, ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் மூன்று வரியில் நேராக இருக்க வேண்டும். இரண்டாவது, செய்தி படிக்கிறவர்கள் கேட்டுத் தெளிவு பெற அறையில் தனித் தொலைபேசி ஒன்று, எந்நேரமும் ஆளோடு. அந்த மேசைக்கு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, தண்டனையோ பதவியோ தெரியவில்லை, புள்ளியக்காவைப் போட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியது. ஐந்து தொலைக்காட்சிகளிலிருந்தும் ஒன்பது வானொலிகளிலிருந்தும் அழைத்தார்கள். யார் கேட்டாலும் ஒரேமாதிரி, பொறுமையாக, சட்டியும் தண்ணீருமாகச் சொன்னார். தொலைபேசியில் அவருக்குத் தொண்டை அடைக்கவில்லை. நாத்தனாரும் அழைத்தாள். "கண்காணிப்பு அறைங்களா?" என்று ஆரம்பிப்பாள். கேட்க வேண்டியதைக் கேட்பாள், நன்றி சொல்வாள், வைத்துவிடுவாள். அண்ணி என்ற வார்த்தை வராது. வீட்டுக்கு வந்தாலும் மாமியார் முன்னால் மட்டும் பேச்சு. திரையில் அவள் மறுபடி நன்றாகப் பேசினாள். புள்ளியக்காவுக்கு மறுபடி எரிந்தது. எரிந்தால் எரியட்டும், தொலைபேசியை எடுப்பதில் அதற்கு வேலையில்லை என்று ஒரு வழக்கம் பிடித்துவைத்திருந்தார்.

ஒரு நாள் வடக்கே அணை திறக்க வேண்டியிருந்தது. ஆற்றங்கரை ஊர்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று வேறொரு தொலைக்காட்சியின் புதுப் பெண் கேட்டாள். தண்ணீர் மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் வரும், ஆனால் ராத்திரியும் பகலும் நிற்காமல் நடக்கும் என்றார் புள்ளியக்கா. அந்தப் பெண் ஐந்து மணிச் செய்தியில் அதையே எடுத்துக்கொண்டு, வரைபடத்தின்மேல் இரண்டு விரல்களை நடக்கவிட்டு, ஒவ்வொரு ஊரையும் எத்தனை மணிக்குத் தொடும் என்று காட்டினாள். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஐந்து பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணி, அந்த நடக்கற விஷயத்தை எனக்கு ஏன் சொல்லல?"

நீ கேட்டபோதும் இதையேதான் சொன்னேன், குறிப்பு எழுதும் அவசரத்தில் நீதான் கவனிக்கவில்லை என்றார் புள்ளியக்கா.

"அவளுக்கு நிதானமாச் சொல்லியிருப்பீங்க. விரலை வெச்சு நடத்திக் காட்டறா. நேத்து வந்தவ."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று புள்ளியக்காவை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆற்றின் கணக்கை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நாத்தனார் பாதியிலேயே, எனக்கு நேரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்து, மூன்றாவது ஊரைத் தண்ணீர் தொடும்போது பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருக்குமா என்று கேட்டாள். அது அந்தப் புதுப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. உண்மையில் புள்ளியக்காவுக்கும் தோன்றவில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளை மதியம் மூன்றரை. பிள்ளைகள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வரும் நேரம்.

"காலையிலயே லீவு விடச் சொல்லணும்" என்றார். "நான் மாவட்டத்துக்குச் சொல்றேன். நீ அம்மாக்களுக்குச் சொல்லு."

"சரி அண்ணி" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.